எடுத்துப்போக வேண்டியவை

கட்டிலுக்கு அடியிலிருந்து அப்பாவின் இரும்புப் பெட்டியை இழுத்தபோது தரையில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது.

"வீட்டுக்காரர் பார்த்தா இதுக்கும் சேர்த்துப் பிடிச்சுக்குவார்," என்றாள் அம்மா. சொன்னாளே தவிர, தடுக்கவில்லை. அவளுக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

மகள் ஒரு பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். இதே வேலைக்கு, இதைவிடப் பல மடங்கு சம்பளத்துக்கு, வேறு நாட்டிலிருந்து அழைப்பு வந்திருந்தது. விமானத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. துணிமணி எடுத்து வைப்பது ஒரு மாலை வேலை. காகிதம்தான் அவளை உட்கார வைத்துவிட்டது. எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது, எதைக் கிழிப்பது?

கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த, கூட வேலை பார்க்கிற ஒருத்தி, "ஒரு துண்டுச் சீட்டையும் விடாதே, அங்கே போனதும் அதைத்தான் கேட்பாங்க," என்றாள். இன்னொருத்தி, "நான் ஒண்ணுமே கொண்டு போகலை, யாரும் கேக்கவும் இல்லை," என்றாள். வரிக் கணக்கு எழுதுகிறவர் ஏழு வருஷம் என்றார். வங்கியில் பத்து வருஷம் என்றார்கள். அம்மாவின் அண்ணன், அதாவது அவளுடைய மாமா, போனிலேயே முடித்துவிட்டார்.

"என்ன டாக்டரம்மா, இதுக்கா மண்டையை உடைச்சுக்கறே? எல்லாத்தையும் ஒரு சாக்குல கட்டு. நம்ம வீட்டுப் பரண்ல போட்டுடலாம். உங்கம்மாவையும் கையோட இங்க அனுப்பிடு."

வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் அவருக்கு டாக்டரம்மாதான்.

"சாக்குமூட்டையோட சேர்த்து என்னையும் பரண்ல போட்டுடுவார்," என்றாள் அம்மா, போனை வைத்த பிறகு.

பெட்டியைத் திறந்ததும் பழைய காகித வாடை அடித்தது. அப்பா எதையுமே தூக்கிப் போட்டதில்லை. மின்கட்டணச் சீட்டுகள், வாடகை ரசீதுகள், துளை போட்டு முடித்துக் கொடுத்த வங்கிப் புத்தகங்கள், எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்ட குக்கரின் உத்தரவாத அட்டை, அவள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கட்டிய கட்டணங்கள், பேருந்துப் பயண அட்டைகள். எல்லாவற்றையும் ரப்பர் வளையத்தில் கட்டி வைத்திருந்தார். வளையங்கள் தொட்டதும் பொடிந்தன.

அவள் தரையில் மூன்று குவியல் போட்டாள். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள்.

"குக்கர் அட்டை?"

"கிழி."

"பேருந்து அட்டை?"

"அதுல உங்கப்பா படம் இருக்குமே."

"இருக்கு."

"அப்ப வை."

"அம்மா, இது பணக் கணக்குக் காகிதம் மட்டும் பிரிக்கறது."

"பணம் கொடுத்துத்தானே வாங்கினார்?"

இப்படியே போனதில் கிழிக்கிற குவியல் வளரவே இல்லை. மகளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. விமானத்தில் இருபத்துச் சொச்சம் கிலோதான் விடுவார்கள்.

அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு தகர டப்பா இருந்தது. அதைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்பா கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அது ஒரு முறை மூடப்பட்டு, வேறு முதலாளி வாங்கி, இரண்டு வருஷம் கழித்துத் திறந்தது. அந்த இரண்டு வருஷமும் கிடைத்த கூலி வேலையைச் செய்துகொண்டு, ஓய்வூதிய நிதிக்கு மாதாமாதம் தன் கையிலிருந்தே கட்டினார். சேவைக் கணக்கு அறுந்துவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம். வங்கி வாசலில் இருந்த இயந்திரத்தில் பணத்தைப் போட்டால் ஒரு சீட்டு வரும். அதில் தேதியும் தொகையும் நிதியின் கணக்கு எண்ணும் மட்டும்தான் இருக்கும். கட்டியவர் பெயர் இருக்காது. அதனால் அப்பா ஒவ்வொரு சீட்டிலும் தன் உறுப்பினர் எண்ணைப் பேனாவால் எழுதி வைத்தார்.

அவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டதில், நடுவே இரண்டு வருஷம் பதிவில் இல்லை, அதைச் சேர்க்காவிட்டால் தகுதிக்குச் சேவைக் காலம் போதாது, அசல் ரசீதுகளுடன் வரும் புதன்கிழமை நேரில் வரவும் என்று பதில் வந்திருந்தது.

ஓய்வூதியம் வந்தால் அம்மா இதே மாடி வீட்டில் இருப்பாள். வராவிட்டால் மாமா வீடு. நடுவில் வேறு வழி இல்லை. மகளின் முதல் வருஷச் சம்பளம், போவதற்காக வாங்கிய கடனுக்கே சரியாகிவிடும்.

மாமா கெட்டவர் இல்லை. ஆனால் தொழிற்சாலை மூடியிருந்த காலத்தில் அம்மா, அப்போது சின்னக் குழந்தையாக இருந்த மகளோடு, சில மாதம் அங்கே இருந்து பார்த்தவள். "அந்த வீட்டுல தண்ணி குடிக்கறதா இருந்தாலும் டம்ளர் சத்தம் கேக்காம குடிக்கணும்டி," என்பாள். அதற்கு மேல் சொல்ல மாட்டாள்.

டப்பாவில் சீட்டுகள் அத்தனையும் இருந்தன. எழுத்து வெளிறி, சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. மேலே இருந்த ஒன்றைப் படமெடுத்து மாமாவுக்கு அனுப்பினாள். 'கிடைச்சாச்சு' என்று கீழே எழுதினாள். அதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது.

பரிசோதனைக் கூடத்தில் எடை இயந்திரமும் இதே வகைத் தாளில்தான் சீட்டுத் துப்பும். அந்தச் சீட்டை அன்றைக்கே நகல் எடுத்து ஒட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஏனென்றால் அதில் மை கிடையாது. தாளின் மேல் பூசிய பூச்சு, சூடு பட்ட இடத்தில் கறுக்கும், அவ்வளவுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் நகல் எடுக்க நினைத்தாள். தெருமுனைக் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். திங்கள்கிழமை கூடத்துக்கு எடுத்துப் போனால் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். சிக்கனத்தில் அப்பாவின் மகள்தானே.

"அம்மா, பெட்டியில இருக்கறது எல்லாம் போனாலும் போகட்டும். இது மட்டும் போகக் கூடாது. தண்ணி படக் கூடாது, வெயில் படக் கூடாது, கசங்கக் கூடாது. பத்திரமா வை."

"எனக்கு நீ சொல்லணுமா?" என்று அம்மா வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினாள். முன்னறையில் யாரும் இல்லை. மின்விசிறி மட்டும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லாத அறையில் விசிறி ஓடுவது அப்பா இருந்தவரை நடக்காத காரியம். அவர் போன பிறகும் அம்மா அந்த ஒழுங்கை விடவில்லை.

நிறுத்தப் போனாள்.

"நிறுத்தாதே," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஆறட்டும்."

"எது?"

அம்மா வெளியே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை ஈரமாகவே இல்லை. மேஜையைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

பளபளவென்று நாலு பெரிய தாள்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கன்னங்கரேலென்று ஆறு நீளக் கட்டங்கள்.

"லேமினேஷன் பண்ணிட்டேன்," என்றாள் அம்மா. "தண்ணி படாது, கசங்காது. நூறு வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாதுன்னாங்க."

மகள் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சூட்டுல கொஞ்சம் கறுத்துடுச்சு. ஆறினா வெளுத்துடும்னு நினைச்சேன். பதினோரு மணிலேர்ந்து விசிறிக்கு அடியிலதான் வெச்சிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, "வெளுக்கும்தானே?" என்றாள்.

மகள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஆறினால் வெளுக்காது என்று அவளுக்குத் தெரியும். ஏன் வெளுக்காது என்றும் தெரியும். பூச்சின் பெயர், அது எந்தச் சூட்டில் கறுக்கும், எல்லாமே தெரியும். தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"பார்க்கலாம்மா," என்றாள்.

லேமினேஷன் செய்த தெருமுனைக் கடைக்குப் போய்க் கேட்டாள். கடைக்காரம்மா இயந்திரத்துக்குள் யாருடைய சான்றிதழையோ விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமா, உங்கம்மாதான் கொடுத்தாங்க. ஆறு ஆறா அடுக்கி, அழகா ஒட்டி, உறைக்குள்ள அவங்களே வெச்சாங்க. நாலையும் வரிசையா விட்டுட்டேன். அப்ப அவங்க பக்கத்துக் கடையில புது ஃபைல் வாங்கப் போயிருந்தாங்க."

"வெளியே வந்தப்ப கறுப்பா இருக்கேன்னு தோணலையா?"

"உள்ளே போறப்பவே கறுப்புன்னு நினைச்சேன். நான் மத்தவங்க காகிதத்தை உத்துப் பார்க்கறதில்லைங்க. அது மரியாதை இல்ல." பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "முக்கியமானதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அம்மாவிடம் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்க மேஜை இழுப்பறையைத் திறந்தாள். மகள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வந்துவிட்டாள்.

திங்கள்கிழமை தாள்களைக் கூடத்துக்கு எடுத்துப் போனாள். நகல் எடுக்க வேண்டிய நாள் அது. ஒரு மூலையில் கத்தியால் உறையைப் பிரித்து, கறுத்த ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டாள். கறுப்பு உடனே கரைந்தது. குனிந்து பார்த்தாள். அடியில் வெள்ளைத் தாள் வந்தது. அதில் எழுத்து இல்லை. கறுப்போடு கறுப்பாக அதுவும் கரைந்துவிட்டது. சூட்டில் வந்த கறுப்புக்கும் எழுத்தின் கறுப்புக்கும் ரசாயனத்தில் வித்தியாசம் ஒன்றும் கிடையாது.

மற்றவற்றைத் தொடவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாள். அப்போது ஒன்று தெரிந்தது. கறுப்பின் மேல், மங்கிய பளபளப்பில், அப்பா அழுத்தி எழுதிய உறுப்பினர் எண். ஒன்றைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் இருந்தது. இயந்திரம் அடித்த தேதி போய்விட்டது, தொகை போய்விட்டது, கணக்கு எண் போய்விட்டது. அவர் எழுதியது மட்டும் ஒரு இலக்கம்கூடக் குறையாமல் இருந்தது.

கூடத்தில் எல்லோரும் போன பிறகும் அவள் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை இருவரும் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனார்கள். வரிசை நாற்காலிகள், எண் காட்டும் சிவப்பு விளக்கு, தண்ணீர் வராத தண்ணீர்க் குழாய். அம்மா நல்ல புடவை உடுத்தியிருந்தாள். புது ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி நடு வயதுக்காரர். சிடுசிடுப்பார் என்று எதிர்பார்த்து வந்தவர்களை உட்காரச் சொன்னார். தாள்களை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லேமினேஷனா?"

"ஆமாங்க."

"மாசத்துக்கு ரெண்டு பேர் இப்படிக் கொண்டு வராங்க," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கே அலுப்பாக இருந்தது. "இது அந்த ரசீதுதான்னு எனக்குப் பார்த்தாலே தெரியுதும்மா. அளவு, தாள், எல்லாம் அதுதான். ஆனா எனக்குத் தெரியறது இங்க கணக்கில்ல."

மகள் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினாள். "எண் தெரியுது பாருங்க. ஒவ்வொண்ணுலயும் இருக்கு."

அவர் குனிந்து பொறுமையாகப் பார்த்தார். "தெரியுது. கையால எழுதினது. மெஷின் அடிச்சதுதாம்மா வேணும்."

"வங்கியில கேட்டேன். அந்த வருஷத்து இயந்திரச் சுருளையெல்லாம் அழிச்சாச்சாம்."

"அழிச்சிருப்பாங்க. அவங்களுக்குப் பத்து வருஷம்தான் கணக்கு."

அம்மா ஃபைலை மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா, அவர் மாசா மாசம் கட்டிட்டு வந்து வாசல்லயே நின்னு சொல்லுவார், 'கட்டியாச்சு'ன்னு. அரிசி இல்லாத மாசம்கூடச் சொல்லியிருக்கார். நான் திட்டியிருக்கேன். நான் சாட்சி."

அதிகாரி பேனாவை மூடினார். திறந்தார். "உங்களுக்கு வரப்போறதுக்கு நீங்களே சாட்சி சொல்ல முடியாதும்மா."

மாமாவுக்கு அனுப்பிய அந்த ஒரு படம் மகளின் போனில் இருந்தது. அதைக் காட்டினாள். அவருக்கு முகம் கொஞ்சம் மலர்ந்தது. அச்செடுத்து, முத்திரை குத்தி, மனுவோடு சேர்த்தார். ஒரு மாதத்துக்கு ஆதாரம் ஆயிற்று. இரண்டு வருஷத்தில் ஒரு மாதம்.

"மறுபரிசீலனைக் குழுவுக்கு அனுப்பறேன். பார்க்கலாம்."

"குழு எப்ப கூடும்?"

"ஆள் சேர்ந்தா கூடும்," என்றார். இதற்கு மேல் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அடுத்த எண்ணுக்கான பொத்தானை அழுத்தினார்.

பேருந்தில் அம்மாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பாமலே பேசினாள்.

"தண்ணி படக் கூடாதுன்னே. வெயில் படக் கூடாதுன்னே. கசங்கக் கூடாதுன்னே."

"ஆமாம்மா."

"சூடு படக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருக்கணும்."

"நானும் உன்னைக் கேட்டிருக்கணும்," என்றாள் அம்மா. இரண்டு பேரும் சண்டை போட ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சண்டை போட்டிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அன்றே அவள் வேலை கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினாள், மூன்று மாதம் தள்ளிச் சேரலாமா என்று. மறுநாள் பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். முடியாது என்பதை நாலு வரியில் எழுதியிருந்தார்கள். அம்மாவிடம் அவள் அதைப் படித்துக் காட்டவில்லை. அம்மாவும் அவள் எழுதியது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நான் போகலைம்மா," என்று மட்டும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"போகாம? பால்ல தண்ணி கலந்திருக்கான்னு பார்த்துக்கிட்டு இங்கேயே கெடக்கப் போறியா? அந்தக் கடனை யார் கட்டறது, உன் மாமாவா? அந்த வாய்ப்பையும் அவருக்குக் கொடுத்துடாதே."

ஞாயிற்றுக்கிழமை மாமா வண்டியோடு வந்தார். வரும்போதே குரல் மாடிப்படி ஏறியது.

"இதுக்குத்தான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் டாக்டரம்மா, சாக்குல கட்டிப் போடுன்னு. கேட்டியா? சரி விடு. என் தங்கச்சிக்கு ஒரு வேளைச் சோறு போட எனக்கு வக்கில்லையா?"

அவர் பாசமாகத்தான் சொன்னார். அம்மா சிரித்தாள். "உனக்கில்லாத வக்கா, அண்ணா," என்றாள். பாத்திரங்களைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. கட்டிலை எடுத்துக்கொள்வதாக வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். தரைக் கீறலை அவர் கவனிக்கவே இல்லை.

மாமா வீட்டில் அம்மாவுக்கு ஒதுக்கிய அறை, தையல் இயந்திரமும் இஸ்திரி மேஜையும் போட்டிருந்த அறை. அத்தை அவற்றைச் சுவரோடு தள்ளி, ஒரு பாய் விரிக்க இடம் செய்திருந்தாள். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, அடியில் புதுத் தாள்கூட விரித்திருந்தாள். "தாராளமா வெச்சுக்கம்மா," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அம்மா புடவைகளை வைத்தாள். தட்டு நிறைந்துவிட்டது. காகிதப் பை தரையில் இருந்தது.

"குட்டி, இங்க வா. இதுல எதை வெச்சுக்கணும், எதைக் கிழிக்கலாம்னு சொல்லிட்டுப் போ."

"எல்லாமே வெச்சுக்கோம்மா."

"எங்க வெச்சுக்க?" என்றாள் அம்மா, அலமாரியைக் காட்டாமல்.

இருவரும் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். வாடகை ரசீதுகளை எடுத்தாள் மகள். அந்த வீட்டையே விட்டாயிற்று. கிழித்தாள். மின்கட்டணச் சீட்டுகள். கிழித்தாள். எரிவாயு இணைப்புப் புத்தகம், அடுப்பு இல்லாதவளுக்கு எதற்கு? அம்மாவின் பெயரில் இருந்த வங்கிப் புத்தகத்தைப் புரட்டினாள். குழு கூடி, ஆள் சேர்ந்து, சரியென்று சொன்னால் பணம் இதில்தான் வரும். அதைத் தனியாக வைத்தாள். மனு கொடுத்ததற்கான ஒப்புதல் சீட்டை எடுத்தாள். அதுவும் அதே வழவழப்பான தாள்தான். எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"இதை எங்க..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே சமையலறையிலிருந்து அத்தை கூப்பிட்டாள். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை, சாதாரணமாக. "ஏம்மா, கொஞ்சம் இங்க வர்றியா?"

"இதோ வந்துட்டேன் அண்ணி!"

முட்டி வலிக்காரி அம்மா. தன் வீட்டில் கீழே உட்கார்ந்தால், எழுவதற்குக் கட்டில் காலைப் பிடித்து, கடவுளைத் திட்டி, மகளைத் திட்டி, அதன் பிறகுதான் எழுவாள். இப்போது எதையும் பிடிக்கவில்லை. ஒரே மூச்சில் எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, வாசல்படியைத் தாண்டிப் போய்விட்டாள். அந்தக் குரலை மகள் இதற்கு முன் கேட்டதில்லை. கொஞ்சம் மெல்லியதாக, கொஞ்சம் இளையதாக இருந்தது.

சமையலறையில் பாத்திரம் மாற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அம்மா எதற்கோ சிரித்தாள், அத்தை சிரித்து முடித்ததற்குச் சற்றுப் பின்னால்.

மகள் ஒப்புதல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வைக்க ஓர் இடம் தேடி அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஜன்னலில் வெயில் வந்தது. மறுபக்கம் இஸ்திரி மேஜை இருந்தது.